சாப்பாட்டுப் பையில் ஒரு கடிதம்

ஹோர்டென்சியா கனாலெஸ் வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் யோசித்தாள். அவள் என்றைக்கும் அப்படித்தான்.

கொமாத்ரே செலோ எழுதிய கடிதத்தை, இன்று கோர்ட் கூடுவதற்கு முன்னால், தன் மகள் எலோயிசாவின் கையில் சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் வாக்கு. சுலபமான காரியம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் எலோயிசா இப்போது எல்லை ஊரான லரேடோவின் ஃபெடரல் கோர்ட்டில் நீதிபதி. கடிதமோ, இன்று அவள் முன்னால் தண்டனைக்கு நிற்கப்போகிறவனைப் பற்றியது.

எலோயிசா அங்கி போட்டு நான்கு மாதம் ஆகிறது. அன்று அந்தக் கறுப்பு அங்கியை மகளுக்கு மாட்டிவிட்டவள் ஹோர்டென்சியாதான். அவசரத்தில் பொத்தான்களை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிப் போட்டு, முந்நூறு பேர் பார்க்க மறுபடி கழற்றி மாட்டினாள். அந்தப் போட்டோவைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.

முதல் வாரம் நடந்த கூத்தையும் சொல்லியாக வேண்டும். வழக்கைக் கூப்பிட்டதும் குமாஸ்தா வழக்கம்போல, "அரசுத் தரப்பில் யார்?" என்று கேட்டார். பதினேழு வருஷம் அரசு வழக்கறிஞராக இருந்த கால், யாரைக் கேட்டு எழுந்தது? மேலே நீதிபதி ஆசனத்தில் இருந்த எலோயிசா பாதி எழுந்துவிட்டாள். கோர்ட்டே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, "மன்னிக்கணும், அந்த வேலையை விட்டுட்டேன்" என்றாள். ஹோர்டென்சியா இந்தக் கதையை ரொட்டிக்கடை வரிசையில் மட்டும் ஆறு தடவை சொல்லியிருப்பாள்.

கொமாத்ரே என்றால் சும்மா சிநேகிதி இல்லை. கன்சுவேலோ என்ற செலோவின் மகள் மரிசெலாவுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவள் ஹோர்டென்சியா. பள்ளிக்கூடச் சமையலறையில் இருவரும் இருபத்தாறு வருஷம் ஒரே அடுப்பில் வெந்தவர்கள். கூடப் பிறந்தவள் கோபித்துக்கொண்டால் இரண்டு நாளில் சரியாகிவிடும். கொமாத்ரே கோபித்துக்கொண்டால் ஊரே இரண்டாகும்.

மரிசெலாவின் புருஷன் எவரார்டோ பஸால்டுவா லாரி ஓட்டுகிறவன். நல்லவன்தான், புத்திதான் கொஞ்சம் கட்டை. யாரோ சொன்னார்கள் என்று, தூக்க மருந்து கொடுத்த நாற்பத்தொரு கிளிக்குஞ்சுகளை லாரிக்குள் இருக்கும் படுக்கைக்கு அடியில் பெட்டியில் வைத்துக்கொண்டு எல்லைப் பாலம் தாண்டப் பார்த்தான். சுங்க அதிகாரி காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு குஞ்சு கண் விழித்துக் கத்தியது. பிறகு நாற்பத்தொன்றும் கத்தின. எவரார்டோ எதையும் மறைக்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். இனி எத்தனை மாதம் உள்ளே என்பதுதான் பாக்கி.

இவன் தன் அம்மாவின் ஞானமகளுடைய புருஷன் என்று எலோயிசாவுக்குத் தெரியாது. கல்யாணம் சான் அன்டோனியோவில் நடந்தது. அன்றைக்கு அவள் ஒரு பெரிய வழக்கில் ஜூரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் எந்தக் கல்யாணத்துக்குத்தான் போனாள்? தன் கல்யாணத்துக்கே நேரம் ஒதுக்காதவள்.

நேற்று மத்தியானம் செலோ வந்து கடிதத்தை மேஜையில் வைத்தபோது ஹோர்டென்சியா முதலில் முடியாது என்றுதான் சொன்னாள். அதெல்லாம் வக்கீல் மூலமாகப் போக வேண்டியது என்று மகள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வக்கீலிடம் கொடுத்தால் கட்டோடு கட்டாகப் போய்விடும் என்றாள் செலோ. பிறகு, எதைச் சொன்னால் ஹோர்டென்சியாவால் மறுக்க முடியாதோ அதைச் சொன்னாள்.

இரண்டு வருஷம் முன்னால் நீதிபதி பதவிக்கு எலோயிசாவின் பெயர் வாஷிங்டன் போனபோது, கோட்டு போட்ட இரண்டு விசாரணை அதிகாரிகள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். இவள் குடிப்பாளா, யாரோடு பழகுவாள், கை சுத்தமா என்று கேட்டார்கள். பக்கத்து வீடுகள் ஐந்து நிமிஷத்தில் கதவைச் சாத்திக்கொண்டன. செலோ அவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, இரண்டரை மணி நேரம் பேசினாள். எட்டு வயதில் பந்து விளையாடி அந்தோணியார் சுரூபத்தின் விரலை உடைத்துவிட்டு, யாருமே பார்க்காதபோதும் தானாகப் போய்ப் பாதிரியாரிடம் ஒப்புக்கொண்ட பெண் இவள் என்று சொன்னாள். அதை அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

"அன்னிக்கு அரசாங்கம் வந்து கேட்டப்ப உன் பொண்ணுக்காக நான் வாயத் தொறந்தேன்டி. இன்னிக்கு என் பொண்ணுக்காக அவ கண்ணத் தொறந்து ஒரு தாள் படிக்கட்டும். விட்டுடுன்னு கேக்கல. படின்னுதான் கேக்கறேன்."

இதற்கு மேல் என்ன பேச முடியும்? ஹோர்டென்சியா கடிதத்தை வாங்கிக்கொண்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள்.

இன்று காலை ஏழு மணிக்கு அடுப்படியில் வேலை மும்முரமாக நடந்தது. முட்டையும் சோரிசோ என்கிற காரமான பன்றிக்கறியும் வைத்துச் சுருட்டிய மரியாச்சி ரொட்டி இரண்டு, மகளின் காலைப் பலகாரத்துக்கு. அவரைக்காய் மசியலும் அரிசியும் மத்தியானத்துக்கு. தினமும் கோர்ட்டுக்குப் போகிற வழியில் எலோயிசா காரை நிறுத்தி இந்தப் பையை வாங்கிக்கொண்டு போவாள். ஜனாதிபதி நியமித்த நீதிபதி, செனட் சபை வாக்களித்து அனுப்பிய நீதிபதி, அம்மா கட்டிக்கொடுத்த பையோடுதான் ஆசனத்துக்குப் போகிறாள் என்பதில் ஹோர்டென்சியாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

மரியாச்சிக்கு அடியில் கவரைச் செருகியபோது இளைய மகன் நாட்டோ வந்து நின்றான். வயது முப்பத்தெட்டு, பாலத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கிடங்கில் மேற்பார்வை. அம்மாவை இன்று கோர்ட்டில் கொண்டுபோய் விடுவதற்காக அரை நாள் விடுப்பு போட்டிருந்தான்.

"என்னம்மா அது?"

"கை துடைக்கிற தாள்டா."

"கை துடைக்கிற தாள்ல செலோ சித்தி கையெழுத்து இருக்கு."

ஹோர்டென்சியா பையின் வாயை இழுத்து மூடினாள். நாட்டோ அவ்வளவு சுலபத்தில் விடுகிறவனா? அக்காவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துத் தொங்கவிடுவாள் என்றான். படித்த பிறகுதானே தெரியும், படித்தது படித்ததுதானே, அதை யாரால் திருப்பி எடுக்க முடியும் என்றாள் அம்மா. நாட்டோ வேறு பக்கமாக வந்தான்.

"அம்மா, அக்கா யாருன்னு மறந்துட்டியா? தன் கேசையே தானே வாபஸ் வாங்கினவ அவ."

அது உண்மைதான். அரசு வழக்கறிஞராகச் சேர்ந்த ஐந்தாம் வருஷம், ஜெயிக்கப்போகிற வழக்கு, ஜூரி உட்கார்ந்திருக்கிறது. கைது செய்த அதிகாரி எழுதிய அறிக்கையில் ஒரு மணி நேரக் கணக்கு இடிப்பதை முந்தின நாள்தான் பார்த்தாள். போய் விசாரித்தாள். பொய் என்று தெரிந்தது. மறுநாள் காலை எழுந்து நின்று, அரசாங்கம் இந்த வழக்கைக் கைவிடுகிறது என்றாள். மேலதிகாரி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. ஆறு மாதம் அவளுக்கு உப்புச்சப்பில்லாத வழக்குகளாகத்தான் வந்தன. பத்து வருஷம் கழித்து அவள் பெயர் வாஷிங்டன் போனதற்குக் காரணமே அந்த ஒரு நாள் காலைதான் என்று, எதிர்த் தரப்பு வக்கீல்களே செனட்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

"அது வேற, இது வேற" என்றாள் ஹோர்டென்சியா. வாசலில் காரின் ஹாரன் கேட்டது. பையைக் கொண்டுபோய் மகள் கையில் கொடுத்து, ரொட்டி ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னாள். எலோயிசா அம்மாவின் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பது மணிக்கு ஹோர்டென்சியா கோர்ட்டில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீலத் தொப்பி, அதே நிறத்தில் கைப்பை. நான்கு மாதமாகத் திங்கட்கிழமை தவறாமல் வருகிறாள். வாசல் காவலர் இப்போதெல்லாம் அவள் கைப்பையைத் திறக்கும்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் திறக்கிறார்.

அதே வரிசையில் செலோவும் மரிசெலாவும். எவரார்டோ முன்னால் தன் வக்கீலம்மாவுக்குப் பக்கத்தில், கழுத்தை இறுக்கும் சட்டையோடு. செலோ புருவத்தை உயர்த்தினாள். ஹோர்டென்சியா தலையை ஆட்டினாள். கொடுத்தாயிற்று. செலோ ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

உள்கதவு திறந்தது. எல்லோரும் எழுந்தார்கள். எலோயிசா வந்தாள். அவள் கையில் கோப்பு இருந்தது. கோப்பின்மேல், இரண்டு விரலால் பிடித்தபடி, ஒட்டுப் பிரிக்காத கவர் இருந்தது.

ஹோர்டென்சியா நீலத் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இந்த வழக்கை எடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு பதிவாகணும்," என்றாள் எலோயிசா. குரல் தினமும் பேசுகிற குரல்தான். "காலையில எனக்கு வந்த சாப்பாட்டுப் பையில இந்தக் கவர் இருந்தது. நான் பிரிக்கல. மேல கன்சுவேலோங்கற பேரும், எவரார்டோ பஸால்டுவா விஷயமான்னும் எழுதியிருக்கு. எழுதினவங்களை எனக்குத் தெரியும். அவங்க மகளுக்கு என் தாயார் ஞானத்தாய். அந்த மகள்தான் இவரோட மனைவின்னு, கோப்புல இருக்கற பேரோட ஒத்துப்பார்த்து இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. பையைக் கட்டிக் குடுத்தது என் தாயார்."

கீழே தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண், வார்த்தைக்கு வார்த்தை பதிவு செய்வது அவள் வேலை, தலையைத் தூக்கித் தாயாரின் பெயரைக் கேட்டாள். எலோயிசா கோப்பை மேஜையில் நேராக வைத்தாள். பிறகு பெயரைச் சொன்னாள். பிழையில்லாமல் ஏற வேண்டும் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

ஹோர்டென்சியாவின் முகத்தில் ஈயாடவில்லை. அறுபத்தொன்பது வருஷத்தில் போலீஸ் ஸ்டேஷன் வாசல்கூட மிதிக்காத பெயர். அது அரசாங்கப் பதிவில், பெற்ற மகள் வாயாலேயே ஏறிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வரட்டும், ஒன்பது மாதம் சுமந்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

குமாஸ்தா கவரைப் பிரித்து, கடிதத்தின் நகலை இரண்டு தரப்புக்கும் கொடுக்கட்டும் என்று எலோயிசா உத்தரவிட்டாள். நான் இந்த வழக்கிலிருந்து விலக வேண்டுமா, இரண்டு தரப்பும் சொல்லுங்கள் என்றாள்.

எவரார்டோவின் வக்கீலம்மா துள்ளி எழுந்தாள். வேண்டவே வேண்டாம், எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை என்றாள். அவள் பதறியதற்குக் காரணம் உண்டு. எலோயிசா விலகினால் வழக்கு அடுத்த அறை நீதிபதி ஆல்டனிடம் போகும். சட்டம் பத்து மாதம் வரை கொடுக்கலாம் என்று சொன்னால் ஆல்டன் பத்தையும் கொடுப்பார். ஒன்பது என்ற எண்ணே அவருக்குத் தெரியாது என்று லரேடோ வக்கீல்கள் சொல்வார்கள்.

அரசுத் தரப்பில் இருந்தவன் எலோயிசாவோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவன். அவனும் எழுந்து, அரசாங்கத்துக்கும் ஆட்சேபணை இல்லை, நீதிபதியின் நேர்மையை எங்களைவிட யாருக்குத் தெரியும் என்றான்.

செலோ ஜெபமாலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அவ்வளவுதான், தப்பித்தோம் என்று ஹோர்டென்சியாவுக்கும் மூச்சு வந்தது.

எலோயிசா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கறீங்க. நான்தான் ஒத்துக்கல," என்றாள். "நான் கம்மியா குடுத்தா, வீட்டுலேர்ந்து வந்த கடிதத்தால குடுத்தாள்னு சொல்வாங்க. அதிகமா குடுத்தா, தான் யோக்கியம்னு காட்டிக்கக் குடுத்தாள்னு சொல்வாங்க. மிஸ்டர் பஸால்டுவா, ரெண்டுமே உங்களுக்குச் சேரக்கூடாது. உங்க தண்டனையில எங்க அம்மாவும் இருக்கக்கூடாது, நானும் இருக்கக்கூடாது. அதுல நீங்க செஞ்சது மட்டும்தான் இருக்கணும். நான் விலகிக்கறேன்."

எவரார்டோவுக்குப் பாதி புரிந்ததோ முழுக்கப் புரிந்ததோ தெரியாது. ஆனால் அவன் எழுந்து நின்றான். "நன்றிங்கம்மா" என்றான். கோர்ட்டுக்கு வந்ததிலிருந்து அவனை யாரும் மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை.

உள்ளே போவதற்கு முன்னால் எலோயிசா இரண்டாம் வரிசையை ஒரு தடவை பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஹோர்டென்சியா தாங்கிக்கொண்டிருப்பாள். மகளின் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெயரைச் சொன்னது அவளுக்கும் வலித்திருக்கிறது. வலித்தும் சொல்லியிருக்கிறாள். ஹோர்டென்சியாவுக்கு வந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அது இருந்த இடத்தில், வெட்கங்கெட்டுப்போய், பெருமை வந்து உட்கார்ந்திருந்தது. இந்த நேரத்தில் பெருமைப்படலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் போகிற பெருமையா அது?

வெளியே நடைபாதையில் மரிசெலா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். செலோ நேராக ஹோர்டென்சியாவிடம் வந்தாள்.

"எம்மேலதான் தப்பு செலோ" என்று இவள் முந்திக்கொண்டாள். "நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். நீ எத்தனை கேட்டாலும் சொல்லியிருக்கணும்."

"தப்பு எம்மேல, உம்மேலன்னு பங்கு போடவா வந்தேன்? ஆல்டன்கிட்ட போகுதுடி கேசு. இன்னும் காகிதத்துல கையெழுத்து ஆகியிருக்காது. அவ அறைக் கதவைத் தட்டினா உன்னை உள்ள விடுவாங்க. போய் ஒரு வார்த்தை சொல்லு. பெத்தவ சொன்னா கேக்க மாட்டாளா?"

ஹோர்டென்சியா அந்தக் கதவைப் பார்த்தாள். தட்டினால் திறப்பார்கள்தான். நாற்பது வருஷச் சிநேகிதம் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஞானமகளின் அழுகை காதில் விழுந்தது. கால் ஒரு அடி எடுத்துக்கூட வைத்துவிட்டது.

பிறகு நின்றுவிட்டாள்.

"நான் சொல்லிக் கேக்கறவளா இருந்தா, அவளைக் கொண்டுபோய் அங்க உட்கார வச்சிருக்க மாட்டாங்க செலோ."

செலோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த அதிகாரிகளிடம் வாய் வலிக்கப் பேசினதற்கு எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும் என்றாள். மரிசெலாவின் தோளைப் பிடித்து லிஃப்ட் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

நடைபாதையில் காத்திருந்த நாட்டோ அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டான். நான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல அவனுக்கு நாக்கு துடித்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

அப்போது குமாஸ்தா கதவைத் திறந்துகொண்டு வந்தார். வயதான மனிதர், தயங்கித் தயங்கிப் பேசினார். நீதிபதி ஆல்டன் வழக்கை எடுத்துக்கொண்டுவிட்டார், வெள்ளிக்கிழமை காலை விசாரணை என்றார். கடிதத்தை யார் கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவர் நேரில் தெரிந்துகொள்ள விரும்புகிறாராம். திருமதி கனாலெஸ் வர வேண்டியிருக்கும். சத்தியப் பிரமாணம் செய்துதான் பேச வேண்டும். வக்கீலோடு கலந்துபேச நேரம் வேண்டுமானால் கேட்கலாம் என்றார்.

லிஃப்ட் முன்னால் நின்ற செலோவின் முதுகு விறைத்தது. படித்துப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தியது யார் என்று கேட்டால், கோர்ட்டில், எல்லோர் முன்னாலும், ஹோர்டென்சியா சொல்லியாக வேண்டிய பெயர் ஒன்றே ஒன்றுதான்.

இதை ஹோர்டென்சியாவும் கணக்குப் போட்டுவிட்டாள். இன்று காலை அம்மாவின் பெயரைச் சொல்ல மகளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"வக்கீல் எதுக்குங்க?" என்றாள். சத்தமாகவே சொன்னாள், லிஃப்ட் வரை கேட்கட்டும் என்றுதான். "வெள்ளிக்கிழமை வரேன். கேக்கறதுக்கு எல்லாம் பதில் சொல்றேன். அவளைப் பெத்தவ பொய் சொன்னாள்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லக்கூடாது."

லிஃப்ட் கதவு திறந்தது. மரிசெலா ஏறினாள். செலோ ஏறவில்லை.